கம்பெனி மூழ்கினால் முதல் பங்கு யாருக்கு?

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதியோடு மூடப்பட்டது. அன்று முதல் மாரிகுப்பத்திலும், சாம்பியன் ரீபிலும், உரிகத்திலும் ஒரு கேள்வி ஓயாமல் கேட்கப்பட்டு வருகிறது. கம்பெனியின் சொத்து விற்கப்பட்டால் அந்தப் பணத்தில் முதல் உரிமை யாருக்கு? உழைத்தவனுக்கா? கடன் கொடுத்தவனுக்கா? அல்லது சர்க்காருக்கா?

இது சுரங்கத்தோடு முடிந்துபோகும் கேள்வி அல்ல. தங்கவயலில் இருந்து நாள்தோறும் அதிகாலையில் ரெயில் ஏறி, பெங்களூரில் தனியார் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்ப்போர் பல ஆயிரம் பேர். அவர்கள் கம்பெனி நாளை திவாலானாலும் இதே கேள்விதான் எழும்.

தங்கவயலில் நடந்தது

சுரங்கத்தை 1880 முதல் நடத்தி வந்தது ஜான் டெய்லர் கம்பெனி. 1956-ல் மைசூர் அரசு அதை ஏற்றது. 1962-ல் மத்திய அரசின் கைக்கு மாறியது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி பிறந்தது. நஷ்டம் பெருகவே, நலிந்த தொழில்களை ஆராயும் வாரியத்திடம் விவகாரம் போயிற்று. கம்பெனியைக் கலைத்துவிடலாம் என்று 2000-ம் ஆண்டில் வாரியம் சிபாரிசு செய்தது. அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது.

ஆனால் சொத்தை விற்று, கடன்காரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வரிசைப்படி பங்கு போடும் கட்டம் வரவே இல்லை. தொழிற்சங்கங்கள் கோர்ட்டுக்குச் சென்றன. 12 ஆண்டு கழித்து, 2013 ஜூலையில்தான், உலக அளவில் டெண்டர் விட சுப்ரீம் கோர்ட்டு வழிவிட்டது. இந்த இடைவெளியில் பாக்கிக்காகக் காத்திருந்து கண்மூடியவர்களும் உண்டு. வரிசையில் இடம் கிடைப்பது ஒரு பிரச்சினை என்றால், வரிசை நகராமல் நிற்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

அடமானத்தின் பலம்

கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி கட்டடம், எந்திரம், நிலம் ஆகியவற்றை அடமானமாகப் பெறுகிறது. கம்பெனி மூழ்கினால் அந்தச் சொத்தின் மீது முதல் பிடி வங்கிக்குத்தான். தொழிலாளியிடம் அடமானப் பத்திரம் ஏதும் இல்லை. அவன் கடனாகக் கொடுத்தது உழைப்பு.

ஒரு காலத்தில், கம்பெனிக் கலைப்பு வழக்கில் தொழிலாளி வாய் திறக்கவே இடம் இல்லை. இந்த நிலையை மாற்றியது கோவையில் இருந்து சென்ற ஒரு வழக்கு. தேசிய பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் தொடுத்த அந்த வழக்கில், தொழிலாளர் தரப்பையும் கேட்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1982 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் அந்தப் பக்கம் நின்றனர்.

அதன்பின் 1985-ல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டது. அடமானம் பெற்ற வங்கியும் தொழிலாளியும் சரிசமம் என்றது அந்தத் திருத்தம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கலைப்புச் செலவு போக, சொத்து 10 கோடி ரூபாய்க்கு விற்கிறது. வங்கிக்கு வரவேண்டியது 12 கோடி. தொழிலாளருக்கு 3 கோடி. சொத்து முழுதும் அடமானத்தில் இருந்தால், பழைய முறையில் வங்கியே 10 கோடியையும் எடுத்துக்கொள்ளும், தொழிலாளிக்குப் பூஜ்யம். திருத்தத்துக்குப் பின் வங்கிக்கு 8 கோடி, தொழிலாளருக்கு 2 கோடி. முழுப் பாக்கியும் கிடைக்காவிட்டாலும் வெறுங்கையோடு திரும்பவேண்டியது இல்லை.

2016-ல் வந்த மாற்றம்

இப்போது கம்பெனிகளுக்குப் பொருந்துவது 2016-ம் ஆண்டின் திவால் சட்டம். இதன் 53-வது பிரிவு வரிசையை வகுக்கிறது. முதலில் நடவடிக்கைச் செலவு. இரண்டாவதாக, அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கியும் தொழிலாளியும் சமமாக. மூன்றாவது, மற்ற ஊழியர்கள். நான்காவது, அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தோர். ஐந்தாவது, அரசுக்கு வரவேண்டிய பாக்கி. அதற்குப்பின் மீதக் கடன்கள். கடைசியில் பங்குதாரர்கள்.

சமம் என்ற சொல் மாறவில்லை. அளவுதான் மாறிவிட்டது. கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய 24 மாதப் பாக்கிக்கு மட்டுமே தொழிலாளிக்கு இந்த இரண்டாம் இடம். மற்ற ஊழியர்களுக்கு 12 மாதம்தான். அதற்கு முந்திய பாக்கி பின்வரிசைக்குத் தள்ளப்படும். வங்கிக் கடனுக்கு இப்படிக் கால வரம்பு இல்லை. மூன்று நான்கு ஆண்டு சம்பளம் தராமல் இழுத்தடித்து மூடும் ஆலையில் நஷ்டம் யாருக்கு என்பதைச் சொல்லவேண்டியது இல்லை.

வங்கி இந்த வரிசைக்கு வராமல், அடமானச் சொத்தைத் தானே விற்றுக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. அப்படிச் செய்தாலும் தொழிலாளர் பாக்கிக்குரிய பங்கைக் கலைப்பாளரிடம் கட்டவேண்டும் என்று பின்னால் வந்த விதிமுறை கூறுகிறது.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவை கம்பெனியின் சொத்தாகக் கருதப்படமாட்டா. வரிசைக்கு வெளியே தொழிலாளிக்கே சேரவேண்டிய பணம் அது.

அரசு எந்த இடத்தில்?

சட்டப்படி அரசின் பாக்கிக்கு ஐந்தாம் இடம்தான். ஆனால் குஜராத் விற்பனை வரி பற்றிய ரெயின்போ பேப்பர்ஸ் வழக்கில், அரசும் அடமானம் பெற்ற கடன்காரருக்குச் சமமே என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அது அந்த வழக்கின் விவரங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று 2023-ல் வேறொரு வழக்கில் விளக்கம் வந்தது. அரசு முன்வரிசைக்கு வந்தால் பின்னால் தள்ளப்படுவது யார் என்பதே இந்தத் தகராறின் சாரம்.

தங்கவயலில் இதை வேறு உருவில் காணலாம். 13 சயனைடு மண்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை சம்மதித்தது. கூடவே தன் பாக்கி சுமார் 75 கோடி ரூபாயையும், 2,330 ஏக்கர் நிலத்தையும் மாநில அரசு கேட்டது. மாநிலத்தின் அனுமதி இல்லாமல் அங்கே மண்ணைத் தொட முடியாது. அனுமதி தரும் அதிகாரம் உள்ளவன் வரிசையில் நிற்க அவசியம் இல்லை. முன்னாள் தொழிலாளியிடம் அப்படி ஒரு பிடி இல்லை.

தொழிலாளி செய்யவேண்டியது

குமாஸ்தா வேலை பார்ப்பவரும் தொழில் சட்டத்தின் கணக்கில் தொழிலாளிதான். "நீங்கள் ஆபீஸ் ஊழியர், மூன்றாம் இடம்தான்" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவை இல்லை. நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, வைப்பு நிதி எண் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். கலைப்பு அறிவிப்பு வந்ததும், குறித்த நாளுக்குள் பாக்கியை எழுதிக் கொடுக்கவேண்டும். பலருக்காக ஒரு பிரதிநிதியே மனுச் செய்யலாம். கம்பெனி மீது திவால் மனுப்போட தொழிற்சங்கத்துக்கும் உரிமை உண்டு என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு சணல் ஆலை வழக்கில் கூறியிருக்கிறது. ஆனால் பாக்கி குறைந்தது ஒரு கோடி ரூபாய் இருக்கவேண்டும் என்பது 2020 முதல் உள்ள நிபந்தனை. தனி ஆளாக அந்தத் தொகையை எட்ட முடியாது; கூடி நின்றால் முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளம் நின்ற முதல் மாதமே கணக்கு எழுதத் தொடங்கவேண்டும். பாக்கி 24 மாதத்தைத் தாண்டிப் பழையதாகும் ஒவ்வொரு மாதமும் தொழிலாளியின் முன்னுரிமையில் ஒரு மாதம் கரைகிறது.