உடலின் வில்லங்கம்

தேர்வாய் கண்டிகையின் மேய்ச்சல் நிலம் சிப்காட்டாக மாறி, டயர் ஆலையும் வந்தபின், அவ்வட்டாரத்தில் மனை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. 30 ஆண்டுகளில் நிலம் யார் யார் கைமாறியது என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பாரில்லை. ஆனால் சொந்த அத்தை எந்த நோயில் இறந்தாள் என்று கேளுங்கள். ‘ஏதோ கட்டி’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்தாக வேண்டும். இது கண்டிகைக்கு மட்டும் உரியதன்று. சென்னையின் படித்த குடும்பங்களில் இம்மௌனம் இன்னும் கெட்டியானது என்பது என் எண்ணம்.

மார்பகப் புற்றுநோயில் பரம்பரையால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துவரைதான். அச்சிறுபகுதியில் முதன்மையானவை பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்னும் மரபணுக்களில் நேரும் பிறழ்வுகள். முதலாவதன் இருப்பிடம் 17ஆம் குரோமோசோம் என்று மேரி கிளேர் கிங் 1990இல் காட்டினார். இம்மரபணுக்கள் நம் எல்லோரிடமும் உள்ளவை. உயிரணுவுக்குள் டிஎன்ஏ சிதையும்போது சீர்செய்பவை. பழுது பார்ப்பவனே பழுதாகிப் போவதுதான் சிக்கல். பிறழ்வுடைய பெண்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். சூலகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. என்றாலும் பிறழ்வு இருப்பது வேறு, நோய் வருவது வேறு.

இது தாய்வழிச் சொத்து என்றே பலரும் நினைக்கிறார்கள். தந்தையிடமிருந்தும் அதே அளவில், பாதிக்குப் பாதி வாய்ப்போடு வரும். நோயின்றி வாழும் அப்பாவின் வழியாக அத்தையின் பிறழ்வு மகளை வந்தடையலாம். சோதனையைக் கூடியவரை நோய் கண்டவரிடமிருந்து தொடங்குவதே முறை. அவரிடம் எந்தப் பிறழ்வு என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். நாம் மறைத்துவைக்கும் அந்த அத்தைதான் முதல் சாட்சி.

ஏஞ்சலினா ஜோலி 2013இல் தம் மார்பகங்களை அகற்றிக்கொண்டதை நம் நாளிதழ்கள் நடிகைச் செய்தியாகவே வெளியிட்டன. தாய் 56 வயதில் புற்றுநோயால் இறந்ததை அவர் ஒளிக்கவில்லை. சோதனைக்கு அவரை இட்டுச்சென்றது அதுவே. அறுவை ஒன்றே வழி என்பதுமில்லை. 25 வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை எம்ஆர்ஐ, 30லிருந்து மேமோகிராமும் சேர்த்து எனக் கண்காணிப்பிலேயே இருக்கலாம். சிலருக்கு மாத்திரையும் உண்டு. குழந்தைப்பேறு முடிந்தபின் சூலகத்தை எடுத்துவிடுவதைப் பற்றி மருத்துவர் பேசுவார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையம், கண்டிகையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவில்தான் இருக்கிறது. ஆலைகளில் பெண்களை வேலைக்குச் சேர்க்கையில் எடை, இரத்த அழுத்தம் எல்லாம் குறிக்கிறார்கள். ‘அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்கேனும், எந்த வயதில்?’ என்ற கேள்வியையும் ஒரு செவிலியர் தனியறையில் கேட்கலாம். பதில் மட்டும் நிர்வாகத்தின் கோப்புக்குப் போகக்கூடாது. வேலை போய்விடும் என்று தோன்றினால் எந்தப் பெண்ணும் உண்மை சொல்லமாட்டாள்.