எழுபது வளைவுக்கு மேலே



இதழின் இந்தப் பக்கத்தை மட்டும் பாக்கி வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் முடித்துக் கொடுத்த கையோடு குடும்பத்துடன் கொல்லிமலை ஏறிவிட்டேன். காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணியே தீருவேன் என்று சபதம் போட்ட மகள் பாதி வழியிலேயே தூங்கிப்போனாள். தங்கியிருப்பது தேவனூர் நாட்டில். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று மலை முழுக்க நாடுகள்தான். பாஸ்போர்ட் கேட்காத நாடுகள்!

ஆண்டு முடிந்ததென்று நாம் ஓய்வெடுக்க வருகிற இந்த வாரத்தில்தான் மலைக்காரர்களுக்குக் கை ஒழியாத வேலை. தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கிறார்கள். சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறிய கொடிகளில் மிளகு முற்றிக்கொண்டிருக்கிறது. தை பிறந்தால் ஏணி சாத்த வேண்டியதுதான்.

மலைக்கு வந்தும் அரிசிச் சோறுதானா என்று அம்மாவுக்குக் குறை. சாமைச் சோறு கேட்டார். ஒரு காலத்தில் இங்கே கேட்காமலே கிடைத்திருக்கும். சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று பல ரகம் வைத்திருந்த மலை இது. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்தது, ரேஷன் அரிசி வந்தது, சாமைக் காடு சுருங்கியது. இதைப் பலரும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. அது உரல். கடுகைவிடச் சற்றே பெரிய மணியின் உமியை நீக்க, குத்திப் புடைத்து மறுபடி குத்த வேண்டும். அத்தனையும் பெண்கள் தலையில். அரிசி வந்ததும் அவர்கள் உலக்கையைக் கீழே வைத்ததை எப்படிக் குறை சொல்வது? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பணியாற்றியபோது, விதையோடு நிற்காமல் ஊர்களுக்குச் சிறுதானியத்தின் உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது. விதையைவிட அதுதான் பெரிய உதவி என்பேன்.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நாமும் கம்பு, தினை என்று சமையல் குறிப்பாக வெளியிட்டுத் தள்ளினோம். பிறக்கப்போகும் 2026ஐப் பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறார்கள். இந்தமுறை சமையலறைக்கு வெளியே போவோம் என்று நினைக்கிறேன். நடவு, களையெடுப்பு, அறுவடை, புடைத்தல் என்று முக்கால்வாசி வேலையைச் செய்கிறவரை 'விவசாயி மனைவி' என்றே எழுதிப் பழகிவிட்டோம். நம் இதழும் விலக்கில்லை.

ஆகவே ஜனவரி முதல் ஒரு புதிய பகுதி வருகிறது. அதை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள்தான். உங்கள் அம்மாவோ அத்தையோ பாட்டியோ, ஏன் நீங்களேகூட, வயலில் என்னென்ன வேலை செய்தீர்கள், கூலி எவ்வளவு வாங்கினீர்கள், நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம், அதற்குத்தான் இங்கே நாங்கள் சம்பளம் வாங்குகிறோம்.

இனிய புத்தாண்டு வாழ்த்துகள்!

அன்புடன்,
ஆசிரியர்