இல்லத்து நந்தவனம்: வாசல் காக்கும் குமரி

திருஷ்டி அண்டாதிருக்க வாசலில் சோற்றுக்கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவது நம்மவர் வழக்கம். மண்ணும் நீருமின்றி அது பல வாரங்கள் பசுமையாய் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் மடல்களே அதற்குத் தண்ணீர்க் குடங்கள். மேலும், பெரும்பாலான செடிகளைப் போலன்றி, அது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. ஆதலால் சேமித்த நீர் எளிதில் வற்றுவதில்லை.

இவ்வியல்பை அறிந்தோர்க்கு அதன் வளர்ப்பு எளிது. கற்றாழை தாகத்தால் மடிவது அரிது. துளசி மாடத்துக்கு வார்க்கும்போது இதற்கும் நாள்தோறும் ஒரு செம்பு நீர் வார்க்கிறோமே, அந்த அன்பே அதன் வேரை அழுகச் செய்துவிடுகிறது.

அடியில் துளையுள்ள மண்தொட்டியில் செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றையும் சம அளவு கலந்து நடுங்கள். காலை வெயில் படும் இடம் உகந்தது. மண்ணுக்குள் 2 அங்குல ஆழம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையெனில் மட்டும் நீர் ஊற்றுங்கள். கோடையில் வாரம் ஒருமுறை போதுமானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். தாங்களே தூக்க வேண்டா, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடிமடல் குழைந்து பழுப்பேறினால் வேர் அழுகத் தொடங்கியது என்று பொருள். செடியைப் பிடுங்கி, கெட்ட வேர்களை நறுக்கி, 2 நாள் நிழலில் உலர்த்தி, உலர்ந்த புதுமண்ணில் நட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. நட்டபின் சில நாள் நீர் வேண்டா.

மடல் தேவைப்படின், அடியிலுள்ள முற்றிய மடலையே அறுக்க வேண்டும். வெட்டுவாய் கீழ்நோக்க, கால்மணி நேரம் நிறுத்தி வைத்தால் மஞ்சள் பால் வடியும். காய்ச்சி இறுக்கிக் கரியபோளம் செய்வது இப்பாலிலிருந்தே. வயிற்றைக் கடுமையாகப் பேதியாக்கும். ஆகவே தோலை நீக்கிய சோற்றை ஏழு முறை நீரில் அலசும் பாட்டிமார் வழக்கத்தைக் கைவிடாதீர்கள். சர்க்கரை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மருந்து உண்போர், மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளவே கூடாது.

தாய்ச்செடியைச் சுற்றி எழும் கன்றுகள் ஒரு சாண் வளர்ந்ததும், வேருடன் பிரித்துச் சிறு தொட்டிகளில் நடலாம். நவராத்திரிக்கு வருவோர்க்குத் தாம்பூலத்துடன் ஒரு கன்று வழங்குவதும் மங்கலமே.

வாசலில் தொங்கும் செடியையும் சற்றே நிமிர்ந்து பாருங்கள். மடல்கள் மெலிந்து சுருங்கியிருந்தால் அதன் குடங்கள் வற்றிவிட்டன. காய்ந்து சருகாகும்வரை காத்திராமல் இறக்கி மண்ணில் நடுங்கள், வேறொன்றைக் கட்டிக்கொள்ளலாம். நம் இல்லத்துக்குக் காவல் நின்ற உயிருக்கு ஒரு பிடி மண் தருவது நம் கடமையன்றோ!