பொதிசோறும் கூடாரமும்

பள்ளி விடுமுறை விட்டால் குழந்தைகளோடு கூடாரம் அடித்து ஓர் இரவு வெளியில் தங்கிவரும் வழக்கம் எங்கள் எல்லைப்புற ஊர்களிலும் பரவிவருகிறது. மகிழ்ச்சியே. ஆனால் அப்பயணங்களுக்கு உணவு திட்டமிடப்படும் முறையில் எனக்கு உடன்பாடில்லை. எரிவாயு அடுப்பு, குக்கர், மசாலா டப்பாக்கள் என வீட்டு அடுக்களையையே பெயர்த்துக் கொண்டுபோய் மலையடிவாரத்தில் இறக்குகிறோம். பிள்ளைகள் அப்பாவோடு விளையாடிக்கொண்டிருக்க, அம்மா அங்கும் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறார். விடுமுறை யாருக்கு? இதற்கு அஞ்சுபவர்கள் நூடுல்ஸ் பொட்டலங்களையும் சிப்ஸ் உறைகளையும் நம்பிப் புறப்படுகிறார்கள். இவ்விரண்டும் அல்லாத வழியொன்று நம் கைவசம் உண்டு. அதற்குப் பழைய பெயரும் உண்டு.

பெயரிலிருந்து தொடங்குகிறேன், மொழியியல் படித்ததன் வினை, பொறுத்தருள்க. ஒற்றசேகரமங்கலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள், 'பொதிச்சோறு' என்பதை மலையாளச் சொல் என்றே கருதுகிறார்கள். பெரியபுராணத்தில் திருக்குருகாவூருக்குச் செல்லும் சுந்தரருக்கும், திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து களைத்த அப்பருக்கும் சிவபெருமான் வழியில் அளிப்பது பொதிசோறுதான். சேக்கிழார் காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. அதற்கும் முன்னரே 'ஆற்றுணா' என்றொரு சொல் இருந்தது. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. பழமொழி நானூற்றில் அச்சொல்லைக் காணலாம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு அப்பால் 'துவரன்' என்பதும் இப்பால் 'தோரன்' என்பதும் ஒரே கறிதான். கோடு நிலத்தில் விழுந்தது. வாழையிலைப் பொதிக்குள் விழவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். ஓரிரவுப் பயணம் என்றால் பெரும்பாலும் மூன்று வேளை உணவு. முதல் வேளையைச் சமைக்கவே கூடாது என்பது என் கட்சி. சென்றடைந்ததும் பிள்ளைகளுக்குப் பசிக்கும். பெரியவர்களுக்குக் கூடாரம் அடிக்கவே நேரம் போதாது. வாழையிலையை அனலில் வாட்டினால் அதன் நரம்பு தளர்ந்து, மடித்தாலும் கிழியாது. அதில் சோறு, துவரன், முட்டைப் பொரியல், தேங்காய்ச் சம்மந்தி வைத்து ஆளுக்கொரு பொதி கட்டிவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளிவெப்பத்தில் வைக்க வேண்டாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்த பின்னும் பிழைத்திருக்கும். இளஞ்சூட்டில் பெருகி நஞ்சை உண்டாக்கும். பின்னர் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது. தேங்காய் சேர்ந்தால் கெடுதல் இன்னும் விரைவு. ஆகவே இந்தப் பொதி நெய்யாறு அணை போன்ற அண்மைப் பயணத்துக்கே உரியது. பேச்சிப்பாறை, திற்பரப்பு என்று சுற்றிக்கொண்டு போகிறவர்கள் புளிச்சோறு கட்டுங்கள். புளியின் அமிலம் நுண்ணுயிர்களை அடக்கிவைக்கும். எண்ணெயும் உப்பும் துணைநிற்கும். நம் முன்னோர் பயணத்துக்குப் புளிச்சோற்றைத் தேர்ந்தது நாவுக்காக மட்டும் அன்று.

இரவு உணவுக்கு வெந்நீர் மட்டும் போதும் என்ற அளவில் திட்டமிடுவதே அறிவுடைமை. நெய்யாறு வனவுயிர்ச் சரணாலயத்தை ஒட்டிய பகுதி இது. காட்டுக்கு ஊறு விளையும் வகையில் சரணாலயத்துக்குள் தீ மூட்டுவதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. சமூக ஊடகப் படங்களில் காணும் விறகுத் தீயின் அழகுக்கு மயங்க வேண்டாம். அவல், வறுத்த அரிசிமா, வெல்லம், வறுத்த நிலக்கடலை இவற்றுக்கு அடுப்பே தேவையில்லை. ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் போதும். காரம் விரும்பும் பிள்ளைகளுக்கு இட்லிப்பொடி தூவிய அவல் உகந்தது. மரச்சீனியைக் கனலில் சுட்டுத் தின்னும் ஆசை பலருக்கும் உண்டு. குழந்தைகளுக்கு அதைத் தர நான் சம்மதியேன். கசப்பு வகைகளில் சயனைடு தரும் பொருள்கள் மிகுதி. தோலுரித்துத் துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்து விடுவது நம் வீட்டு வழக்கமானது காரணமின்றி அன்று.

காலை உணவுக்கு ஏத்தம்பழத்தை விஞ்ச ஒன்றுமில்லை. தோலே உறை, உறையே தட்டு. கிளம்புமுன் அவித்தெடுக்கும் வேலைகூட வேண்டாம். நன்கு பழுத்ததாக வாங்கிவிட்டால் அப்படியே கொடுக்கலாம். எஞ்சுவது தோல் மட்டுமே. அதையும் காட்டில் எறியாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். குரங்குகளை மனித உணவுக்குப் பழக்குவது அவற்றுக்கும் கேடு, அடுத்து வரும் குழந்தைகளுக்கும் கேடு. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு 2019 சனவரியிலும் கேரளம் 2020 சனவரியிலும் தடைசெய்தன. அணைக்கரைகளில் கிடக்கும் தட்டுகளையும் கிண்ணங்களையும் பார்த்தால் இரு மாநிலங்களின் சட்டமும் அங்கே எட்டவில்லை என்றே தோன்றும்.

பல குடும்பங்கள் சேர்ந்து போகும்போது ஒரு வீட்டுப் பெண்ணின் தலையில் மொத்தச் சமையலும் விழுவதைத் தவிர்க்கவும் பொதிசோறே வழி. கேரளத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.ஒய்.எஃப்.ஐ. அமைப்பினர் நடத்தும் பொதிச்சோறு விநியோகத்தைப் பலரும் அறிவர். அவர்களின் அரசியல் இருக்கட்டும், ஏற்பாட்டைக் கவனியுங்கள். பெரிய சமையற்கூடம் கிடையாது. தங்களுக்குச் சமைக்கும்போதே வீடுதோறும் சில பொதிகள் கூடுதலாகக் கட்டுகிறார்கள். ஐந்து குடும்பங்கள் நெய்யாற்றங்கரைக்குப் போவதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா? அங்கே பொதிகளை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த வீட்டுச் சம்மந்தியில் காந்தாரி கூடுதல் என்று குழந்தைகள் கண்ணீரோடு கண்டுபிடிப்பார்கள்.

இலையை வாட்டுவது பெரியவர் வேலை, நெருப்பிருக்கிறது. துடைப்பதும் மடிப்பதும் வாழைநாரால் கட்டுவதும் ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இயலும், ஆண்பிள்ளைக்கும் இயலும். கட்டும்போது அதன் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் அதை மலையாளமென்று சொன்னால் மறுக்க வேண்டாம்; நம் வீட்டிலும் அதற்கு அதுதான் பெயர் என்று பிள்ளை சொல்லட்டும்.