தேக்கடியில் சற்று நடந்து பாருங்கள்

விடுமுறை நாள்களில் தேக்கடிப் படகுத்துறையில் கூடுவோரிடம் எழும் முதற்கேள்வி, "புலி தென்படுமா?" என்பதே. தென்படாவிடில், கொடுத்த பணம் வீணாயிற்று என்னும் மனக்குறையோடு பலர் திரும்புகின்றனர். பெரியாற்று வனத்தை அளக்கும் அளவுகோல் அதுவன்று என்பது என் கருத்து.

ஏரிநீருக்கு மேலே கரிய மரக்கட்டைகள் ஆங்காங்கே நிற்பதைக் காணலாம். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் எச்சங்கள் அவை. தேனி, மதுரை மாவட்டங்களின் வயல்களுக்குப் பாயும் நீர் இவ்வேரியிலிருந்தே வருகிறது. ஏரியைச் சூழ்ந்த காட்டில் 1934-இல் திருவிதாங்கூர் அரசு சரணாலயம் அமைத்தது. 1978-இல் அது புலிகள் காப்பகமாயிற்று.

ஆயினும், அறிவிப்புகளால் மட்டும் காடு காக்கப்படுவதில்லை. இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த வயனா மரங்களின் பட்டையைக் களவாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் இங்கு இருந்தனர். 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களுள் சிலரை அழைத்து, களவைக் கைவிட்டால் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வாழ வழி செய்தது. அன்று ஒளிந்து திரிந்த தடங்களிலேயே பின்னர் அவர்கள் விருந்தினரை அழைத்துச் சென்றனர். மன்னான், பளியர் பழங்குடியினரும் இவ்வாறே காட்டுக் காவலில் பங்கு பெற்றனர்.

அவர்களுடன் காட்டுக்குள் செல்லப் பல வழிகள் உண்டு. சில மணி நேர இயற்கை நடை, மூங்கில் தெப்பப் பயணம், மலைவிளிம்பு வரை செல்லும் முழுநாள் நடை, இரவுக் காவலருடன் ரோந்து என உடல்வலிமைக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். குழுக்கள் சிறியவை, ஆகவே முன்பதிவு நன்று. மழைக்காலத்தில் அட்டைக்கடியைத் தவிர்க்கக் காலுறை தேவை. பளிச்சிடும் நிற ஆடையும் உரத்த பேச்சும் வேண்டா. நடப்பவருக்குப் புலி தென்படுவது அரிது. ஆனால் அதன் கால்தடத்தையும், யானை உரசிய மரத்தையும், தலைக்கு மேல் தாவும் மலையணிலையும் ஒரு வழிகாட்டி சுட்டிக்காட்டும்போது காடு நமக்குப் படிக்கத்தக்க நூலாகிறது.

முதியோருக்கும் குழந்தைகளுக்கும் படகே ஏற்றது. அதை நான் மறுக்கவில்லை. கட்டணம் மிகுதி என்போரும் உளர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டை உரித்து ஈட்டிய வருவாய் ஒரு மரத்தோடு முடிந்துபோவது; மரம் நிற்பதால் வரும் வருவாயோ ஆண்டுதோறும் தொடர்வது. முதலை அழிக்காமல் வட்டியில் வாழும் குடும்பத்தின் கணக்கு இது. நாம் செலுத்தும் நடைக்கட்டணமே அந்த வட்டி. அது நின்றுபோனால், காட்டைக் காப்பதைவிட அழிப்பதே இலாபம் என்னும் பழைய கணக்கு மீண்டும் தலைதூக்கக்கூடும்.

ஆகவே, அடுத்த முறை தேக்கடி செல்லும் வாசகர்கள் ஒரு காலைப்பொழுதையேனும் நடைக்கு ஒதுக்குவார்களாக. புலியைக் காணாமல் திரும்பினும், அப்புலி வாழும் காட்டைக் காப்பதில் நமக்கும் சிறு பங்கு உண்டென்ற நிறைவு எஞ்சும்.