குகையும் கொல்லிமலையும்

திரைப்படம் சிறுவர் உள்ளத்தைக் கெடுக்கும் என்போர் அக்காலத்தும் இருந்தனர், இக்காலத்தும் உளர். அவர் கூற்று முற்றும் பொய்யன்று. மரக்கிளையை வாளென வீசி உதட்டைக் கிழித்துக்கொண்ட பிள்ளைகள் எவ்வூரில் இல்லை? ஆயினும், இளமையில் கண்ட வீரன் முதுமை வரை நெஞ்சில் எதனை விட்டுவைக்கிறான் என்பதை அவர்கள் ஆராய்வதில்லை.

முழுவதும் வண்ணத்தில் அமைந்த முதல் தமிழ்ப் படம் 1956ஆம் ஆண்டில் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. ஏற்காட்டு மலையடிவாரத்தில், சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை நடத்திய டி. ஆர். சுந்தரம் அதனைத் தயாரித்து இயக்கினார். எம்.ஜி.ஆர். அலிபாபாவாகவும், பானுமதி மர்ஜியானாவாகவும் நடித்தனர். பேராசை கொண்ட தமையன் காசிமாக நடித்தவர் சக்கரபாணி. அவர் வாழ்விலும் எம்.ஜி.ஆருக்குத் தமையனே, பேராசை மட்டும் கதைக்குரியது!

சேந்தமங்கலத்துச் சிறுவன் ஒருவன் கொட்டகை மணலில் அமர்ந்து அப்படத்தைக் கண்டான். சொல் கேட்டுப் பாறைக் கதவு திறந்த காட்சி அவனை ஆட்கொண்டது. மறுநாளே கொல்லிமலை அடிவாரம் சென்று, ஒரு பெரும்பாறையின் முன் நின்று அம்மந்திரத்தை உரக்கக் கூவினான். பாறை அசையவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர்தாம் திடுக்கிட்டு எழுந்தார்.

பின்னர்ப் பள்ளியில் தமிழாசிரியர் அதே மலையின் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றிக் கூறினார். ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, உடும்பிலே தைத்து நின்றதாம். சிறுவன் கண்கள் விரிந்தன. ஆனால், அவ்வில்லாற்றலைப் பாடிய வன்பரணர் அதனோடு நின்றாரில்லை. காட்டிடையே கண்ட பாணர் கூட்டத்திற்கு ஊன் அளித்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்து, தன் பெயரைப் பிறர் புகழக் கேட்டு நாணிய ஓரியையும் காட்டினார். அங்கும் பொற்குவை, குகையிலும் பொற்குவை. ஒருவன் காட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனான். மற்றொருவன் அனைத்தையும் அள்ள முயன்று, வெளியேறும் சொல்லை மறந்து உள்ளேயே மாண்டான். திரைப்படத்தைக் காணாதிருந்தால் அச்சிறுவனுக்கு ஓரியின் கொடை அத்துணை எளிதில் விளங்கியிராது. வாளையும் கதவையும் விரும்பிச் சென்றவனுக்குக் காசிமின் மறதியே நிலைத்த செல்வமாயிற்று.

அவன் வளர்ந்து மிளகு வணிகரானான். முதுமையில் ஒருநாள் மலையிலிருந்து வந்த உழவர் ஒருவர் நான்கு மூட்டைகளை இறக்கி, மூன்றிற்கே பணம் பெற்றுச் சென்றுவிட்டார். இரவில் கணக்குப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. கேட்பார் எவருமில்லை, அவ்வாண்டு கடையில் நட்டமும் இருந்தது. பெரியவர் நெடுநேரம் உறங்கவில்லை. விடியற்காலையில் காரவள்ளிக்குச் சென்று, எழுபது கொண்டையூசி வளைவுகளையும் பேருந்தில் கடந்து, உழவர் வீட்டை வினவி அடைந்தார்.

"இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள், ஐயா? அடுத்த சந்தையில் தந்திருக்கலாமே!" என்றார் உழவர்.

"அதுவரை வைத்திருந்தால் காசிமைப்போல் ஆகிவிடுவேனோ என்று அஞ்சினேன், தம்பி."

"எந்தக் காசிம், ஐயா?"

பெரியவர் பணத்தை அவர் கையில் வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார். குகையிலிருந்து கதையைத் தொடங்கினார்.