பைக்காரா பனியில் படுத்துவிட்ட பேட்டரி... எங்கே தேடணும் கோளாறை?

போன ஜூலையில் மாமாவின் வேனில் கோவையிலிருந்து பைக்காரா போயிருந்தோம். அப்பாவுக்கு ஆஸ்துமா. அவருடைய நெபுலைசருக்காகவே இரண்டாவது பேட்டரி, இன்வெர்ட்டர், கூரையில் சோலார் பேனல் என எல்லாம் மாட்டியிருந்தார் மாமா. "வெயில்னா சோலார், வண்டி ஓடினா ஆல்டர்னேட்டர். கவலைய விடு மாப்ள!" என்றார்.

இரண்டாம் நாள் இரவு அப்பாவுக்கு இழுப்பு வந்தது. நெபுலைசரைப் போட்டதும் இன்வெர்ட்டர் 'பீப்' என்று கத்திவிட்டு அணைந்தது. 1932-லேயே ஆற்று நீரில் மின்சாரம் எடுத்த பைக்காராவில், எங்கள் வண்டியில் கரன்ட் இல்லை!

மாமா மல்டிமீட்டரை எடுத்தார். இரண்டாவது பேட்டரியில் 11.8 வோல்ட். இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். முன் பேட்டரியில் 14.2, பின்னால் அதே 11.8. ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது, நடுவில்தான் ஏதோ அறுந்திருக்கிறது. இன்ஜினை அணைத்து, இன்வெர்ட்டர் வயரை முன் பேட்டரிக்கு மாற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்தார். நெபுலைசர் ஓடியது. அரை மணி நேரத்தில் அப்பாவின் மூச்சு சீரானது. காலையில் பார்த்தால், இரண்டு பேட்டரிக்கும் நடுவே இருந்த ஃப்யூஸ் போயிருந்தது.

நீங்களும் இதே வரிசையில் பாருங்கள்.

பேட்டரி: சாதா லெட்-ஆசிட் பேட்டரி சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் 12.6 வோல்ட் காட்டினால் ஃபுல். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. குளிரில் இன்னும் சீக்கிரம் தீரும்.

ஆல்டர்னேட்டர்: இன்ஜின் ஓடும்போது முன் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வரவேண்டும். வராவிட்டால் பெல்ட், ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். முன்னால் வந்து பின்னால் வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே, எர்த் வயர். புது பி.எஸ்.6 வண்டிகள் பலவற்றில், எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரே வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். அது கோளாறு அல்ல. அந்த வண்டிகளில் இரண்டாவது பேட்டரிக்கு டிசி-டிசி சார்ஜர் தேவை.

சோலார்: மேகமூட்டத்திலும் பேனல் வோல்ட் காட்டும், ஏமாறாதீர்கள். ஆம்பியரைப் பாருங்கள். ஜூலை மூட்டத்தில் அது சொற்பம்தான். எங்கள் பேனலும் கெடவில்லை, வெயில்தான் இல்லை. பேனலில் ஒட்டிய யூகலிப்டஸ் இலைகூட சார்ஜைக் குறைக்கும். சார்ஜ் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைத்து, பிறகே பேனலை இணையுங்கள். கழற்றும்போது பேனல்தான் முதலில்.

லித்தியம்: உறைபனிக் காலத்தில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது.

மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு சார்ஜ் ஏற்றாதீர்கள். அந்தப் புகை உயிரையே எடுக்கும்.

இப்போது மாமாவின் டேஷ்போர்டில் நாலு உபரி ஃப்யூஸ் இருக்கிறது. அப்பாவின் சட்டைப் பையில், கரன்ட்டே தேவைப்படாத இன்ஹேலர்!